வெங்காய வண்டியில் என் குரல்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, மே மாதம் எட்டாம் நாள், திங்கட்கிழமை. அருப்புக்கோட்டையில் அன்று காலை முதலே வானம் மூடிக் கிடந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. மழை வரும்போல் இருந்து, வராமலேயே போய், புழுக்கத்தை மட்டும் விட்டுச் சென்ற நாள் அது. அந்த நாளிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

சற்றுமுன் நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். இந்தப் பேருந்து மதுரைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டீர்கள். நான் விடை சொன்னேன். உடனே திரும்பிப் பார்த்து, "சார், உங்க குரலை எங்கேயோ கேட்டிருக்கேன்" என்றீர்கள். கேட்டிருப்பீர்கள். இந்த மாவட்டத்தில் கேட்காதவர் யார்? எங்கே கேட்டீர்கள் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். வெங்காய வண்டியில் கேட்டீர்கள்.

சிரிக்க வேண்டாம். இது சிரிப்பதற்குரிய செய்தி அன்று. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டீர்கள் அல்லவா? நன்று. காரியாபட்டி வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். முடியாவிட்டால் அவனியாபுரம் வரை கேளுங்கள்.

என் பெயர் செண்பகராமன். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வகுப்பில் ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. நான் பாடம் நடத்தினால் மைதானத்தில் விளையாடுகிறவனுக்கும் கேட்கும். "குரலைக் கொஞ்சம் குறையுங்க, பக்கத்து வகுப்பில் கணக்கு நடக்கிறது" என்று தலைமையாசிரியர் இராசாமணி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். குறைத்தேனா என்றால், இல்லை. கணக்குப் படிக்கிறவன் தமிழையும் சேர்த்துக் கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

எனக்கு ஒரே மகள். நாற்பத்து நான்காம் வயதில் பிறந்தவள். நன்முல்லை என்று பெயரிட்டேன். தெருவில் முல்லை என்றார்கள். பள்ளியில் நன்மு என்றார்கள். என் மனைவி வடிவு திருநெல்வேலிப் பக்கம்; அவள் 'ஏட்டி' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டவன் நான் ஒருவன்தான். அதற்காவது எனக்கு ஒரு மதிப்பு இருந்திருக்க வேண்டும்.

தொற்றுக் காலத்தில் பள்ளிகளை மூடினார்கள். பாடத்தைக் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்பச் சொன்னார்கள். எனக்கு அந்தக் கருவியில் அழைப்பை எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியும். மற்றதெல்லாம் நன்முல்லை செய்தாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. முதல் பாடத்தைப் பதிவு செய்து போட்டுக் கேட்டுவிட்டு, குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் குரலைச் சொல்லவில்லை, அறையைச் சொன்னேன் என்றாள். மறுநாள் பீரோ வைத்திருக்கும் சிறிய அறையில் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டாள். வடிவின் பட்டுப்புடவைகூட ஒன்று தொங்கியது. நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்கார்த்தினாள். நானூறு பேர் கூடிய காலை வணக்கத்தில் பேசியவனைத் துணிக்கடை மூட்டைபோல் கட்டி உட்காரவைத்து, "அப்பா, 'ப' வர்ற இடத்துல மைக்குல காத்தடிக்குது. மூஞ்சியக் கொஞ்சம் திருப்பிக்கோங்க" என்றாள். பகரத்தை எப்படிச் சொல்வது என்பதை எனக்கு அவள் சொன்னாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் பேசி முடித்ததும் அவள் வேலை தொடங்கும். என் பழைய கணினியின் முன்னால் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். என்னதான் செய்கிறாய் என்றால், சுத்தம் பண்ணுறேன் என்பாள். நான் கேட்கிறேன், என் பேச்சில் சுத்தம் செய்ய என்ன இருந்தது? ஒற்றுப்பிழை இருந்ததா, ஒருமை பன்மை மயங்கியிருந்ததா? ஆனாலும் படிப்புக்கு இடையில் தகப்பனுக்கு உதவுகிறாளே என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பருவத்துப் பாடங்களையும் அந்த அறைக்குள்ளேயே நடத்தி முடித்தேன். பிள்ளைகள் கேட்டார்களா என்பது தெரியாது. கேட்டதாக ஒருவனும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

இனி அந்த மே எட்டுக்கு வருகிறேன். அன்றுதான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு. நன்முல்லைக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. தமிழில் தொண்ணூற்றொன்பது. அவளை மதுரையில் இளங்கலைத் தமிழில் சேர்ப்பது, பிறகு கல்வியியல், பிறகு அரசுப் பணி என்று எல்லாம் முடிவாகியிருந்தது. கல்லூரியில் துறைத்தலைவரிடமும் பேசிவிட்டேன். அவளிடம் கேட்டேனா என்கிறீர்களா? எதற்குக் கேட்க வேண்டும்? தொண்ணூற்றொன்பது வாங்கியவளிடம் உனக்குத் தமிழ் பிடிக்குமா என்று எவனாவது கேட்பானா? மதிப்பெண்ணே விடை சொல்லிவிட்டது.

மாலையில் வீடு நிறைய ஆட்கள். உடன் வேலை பார்த்தவர்கள் வந்திருந்தார்கள். இராசாமணியும் வந்திருந்தார். வடிவு கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் நடுவில் நின்று, பெண்ணுக்குத் தாய்மொழிக் கல்வி எவ்வளவு இன்றியமையாதது என்று பேசிக்கொண்டிருந்தேன். அப்போது தெருமுனையிலிருந்து ஒரு குரல்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே."

என் குரல். நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். என் குரல் தெருவில் வருகிறது. வீட்டில் எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

"கவனியுங்கள். வெங்காயம். ஐந்து" என்று நான் சொல்ல, "கிலோ" என்று வேறு எவனோ சொல்ல, "நூறு" என்று மறுபடியும் நான் சொல்கிறேன். "கடைசி வரிசையில் இருப்பவர்கள் முன்னே வாருங்கள். மீண்டும் ஒருமுறை சொல்கிறேன். இனிச் சொல்லமாட்டேன்." இனிச் சொல்லமாட்டேன் என்று சொல்லி முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் டக், டக் என்று ஒரு தாளம் வேறு. பிறகுதான் புரிந்தது; நான் பாடம் சொல்லும்போது மேசையில் அளவுகோலால் தட்டும் ஓசை அது. வெங்காயம் என்னும் சொல்லை எதற்குச் சொன்னேன் தெரியுமா? வெம்மை என்னும் பண்பு எப்படிப் பெயரோடு சேரும் என்று விளக்குவதற்குச் சொன்னேன். ஐந்தும் நூறும் எண்ணுப்பெயர்ப் பாடத்தில் சொன்னவை. கிலோ என்று நான் என் வாழ்நாளில் வகுப்பில் சொன்னதில்லை. அதனால் அதற்கு மட்டும் வண்டிக்காரனைப் பேச வைத்திருக்கிறார்கள். என் வாக்கியத்துக்கு நடுவில் அவன் உட்கார்ந்திருக்கிறான்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. இராசாமணிதான் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்ன செண்பகம், ரிட்டையர் ஆகியும் கிளாஸ் எடுக்கிறீரு போலிருக்கே. இது எத்தனாவது பிரியட்?" என்றார். அவ்வளவுதான். வீடே இடிந்து விழுவதுபோல் சிரித்தார்கள். வடிவு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். லோடு ஆட்டோ தெருமுனையில் நின்றிருந்தது. சுற்றிலும் பெண்கள். வழக்கமாக வரும் மாரிக்கண்ணு அன்று வரவில்லை, அவனுக்குக் காய்ச்சலாம். அவன் மைத்துனன் ஓட்டி வந்திருந்தான். எங்கள் தெருவுக்குள் நுழையும்போது ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும் என்று மாரிக்கண்ணுக்கும் என் மகளுக்கும் ஓர் உடன்படிக்கை இருந்ததும், அது இந்த மைத்துனனுக்குத் தெரியாது என்பதும் பிறகு வெளிவந்த செய்திகள். அன்று நான் கண்டது, என் குரலுக்குக் கீழே வெங்காயத்தை நிறுத்துக்கொண்டிருந்த ஒருவனை.

நிறுத்து என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே அவன் என்னைக் கண்டுகொண்டான். முகமெல்லாம் மலர்ந்து, "அக்கா, இங்க பாருங்கக்கா, இவருதான் அந்த வாத்தியாரு" என்றான். பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "சார், அந்தக் கடைசி வரிசைய மட்டும் ஒருக்கா சொல்லுங்க சார், எம் பிள்ளைக்கு அதைக் கேட்டாத்தான் சோறு இறங்குது" என்று கெஞ்சினாள். ஆறேழு மாதங்களாகச் சந்தையில் நான் போனால் பெண்கள் வழிவிட்டு, புன்னகை செய்து, வாங்க சார் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஆசிரியனை மதிக்கும் ஊர் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமையும் அந்தத் தெருமுனையிலேயே போயிற்று.

வண்டியில் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். குரல் நின்றது. அவன் சாக்கடையை எட்டிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னான்: "சாரே, அதுல தக்காளியும் இருந்துச்சு."

தக்காளியும் நான்தான் விற்றுக்கொண்டிருந்தேன்.

எறிந்து என்ன பயன்? அதற்குள் சாத்தூர், விருதுநகர், சிவகாசி என்று ஒவ்வொருவனும் பிரதி எடுத்துப் போயிருந்தான். நீங்கள் சிவகாசியா? நினைத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு நன்முல்லையை நிறுத்திக் கேட்டேன். என்னைக் கேட்காமல் என் குரலைத் தெருவில் விற்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன். கேட்டால் விட்டிருப்பீர்களா என்றாள். விட்டிருக்கமாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை என்றாள். அது ஒரு விடையா? பிறகு, அந்தக் கேவலத்தை எப்படிச் செய்தாள் என்பதை எனக்கு விளக்கத் தொடங்கினாள். வண்டி போகும் வேகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு வீட்டு வாசலைக் கடப்பதற்குள் ஒரு வாக்கியம் முடியும்படி சொற்களுக்கு நடுவில் இடம் விட்டாளாம். இரைச்சலில் எடுபட வேண்டும் என்பதற்காக என் குரலின் அடிக்கனத்தைக் குறைத்தாளாம். கண் எல்லாம் மின்னச் சொன்னாள். செய்த தவற்றைச் சொல்லும்போது தலை குனிய வேண்டாமா? நான் போதும் என்றேன். அப்போது சொன்னாள்.

"அப்பா, இத்தனை வருஷம் நீங்க பேசினதை யாராவது நின்னு கேட்டாங்களா? அந்த வண்டிக்குப் பின்னாடி ஓடி வந்து கேக்குறாங்கப்பா."

சொல்லுங்கள், பெற்ற பெண் தகப்பனைப் பார்த்துச் சொல்லும் சொல்லா இது?

அன்று முதல் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். அவளும் என்னோடு பேசவில்லை. ஆனால் நிறுத்தியவன் நான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வடிவின் வழியாகத்தான் செய்தி போயிற்று, வந்தது. அப்படி வந்த செய்திகளில் ஒன்றுதான் சென்னைக் கல்லூரி. அங்கே இசைத் தயாரிப்பு என்று மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறதாம். வெங்காயத்துக்கும் முன்பே, என் பாடங்களைச் சுத்தம் செய்த காலத்திலேயே அவள் அதைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். பாட்டா என்றால் பாட்டு இல்லை. வீணையா, வயலினா என்றால் அதுவும் இல்லை. ஒலியைப் பிடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது, ஒன்றன்மேல் ஒன்றை அடுக்குவது. இதற்கு ஒரு பட்டம். தாமே செய்த மூன்று நிமிட ஒலியைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்ட வேண்டுமாம். பிடித்தால் சேர்த்துக்கொள்வார்களாம். அவள் அனுப்பி, முதல் சுற்றில் தேறி, நேரில் வரச் சொல்லியும் விட்டார்கள். தமிழ்த் துறைத்தலைவரிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது யாருக்கு நினைவிருந்தது?

வேண்டாம் என்றேன். வடிவு வழியாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மகள் நேரே என் முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அந்தக் கல்லூரியில் ஒரு விதி இருக்கிறதாம். யாருடைய குரலைப் பயன்படுத்தியிருந்தாலும் அவர் நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் ஏற்பார்களாம். மூன்று நிமிடமும் என்னுடைய பதிவுகளிலிருந்து செய்ததாம். வேறு எவன் குரலையாவது வைத்துச் செய்துகொள் என்றேன். புதிதாகச் செய்வதற்கான நாள் கடந்துவிட்டது என்றாள். அப்படியானால் நான் வரவில்லை என்றால் உனக்கு இடம் இல்லை என்று பொருள், அல்லவா என்றேன். ஆமாம் என்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

மீண்டும் வெங்காயமா என்று கேட்டேன். இல்லை என்றாள். வேறு என்ன என்றேன். கேட்டால்தான் தெரியும் என்றாள். திமிரைப் பாருங்கள்.

வடிவு அன்று சாப்பாடு போடும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "வேண்டாம்னா வேண்டாம்னே இருக்கட்டும். ஆனா அதை வீட்டுல உக்காந்து சொன்னா என்ன மதிப்பு? போயி அந்தப் பெரியவங்க முன்னாடி நின்னு சொல்லிட்டு வாங்க."

அதில் நியாயம் இருந்தது. மறுப்பதையும் முறையாகச் செய்பவன் நான். வராமலே இருந்துவிட்டால் ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவன் வரவில்லை என்றுதான் நினைப்பார்கள். நேரில் நின்று, தெளிவாக, காரணங்களோடு மறுக்க வேண்டும். சொல்ல வேண்டியதை மூன்று நாள் மனத்துக்குள் அடுக்கினேன். வடிவு எனக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாள். அவள் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது ஏன் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஒருவழியாக நம் பக்கம் வந்துவிட்டாள் என்று எண்ணினேன்.

சென்னையில் அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். சுவர், கதவு, கூரை எல்லாவற்றிலும் பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். வணக்கம் என்று உரக்கச் சொன்னேன். சொல் வாயிலிருந்து போனது, திரும்பி வரவில்லை. இத்தனை ஆண்டுகளில் எந்தச் சுவரும் என்னை அப்படி அவமதித்ததில்லை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேசியது ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். ரெனிட்டா என்று பெயர் சொன்னாள். மரியாதையாகத்தான் பேசினாள். பேசிய மொழியைத்தான் தமிழ் என்று என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. "சார், இந்த பீஸ்ல இருக்கிறது உங்க வாய்ஸ்தானே? யூஸ் பண்ணிக்க உங்களுக்கு ஓகேவா?"

அப்போதே மறுத்திருக்கலாம். ஆனால் கேட்காத ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொல்பவன் நான் அல்லன். வாசிக்காமல் ஒரு விடைத்தாளையும் நான் திருத்தியதில்லை. முதலில் போட்டுக் காட்டுங்கள் என்றேன். நன்முல்லை ஓர் ஓரத்தில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டார்கள்.

முதலில் கருவி பழுது என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மூச்சு. யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார். இன்னொரு முறை. அதற்கு மேல் இன்னொன்று. மூன்று, நான்கு மூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பெரிய கொட்டகையில் காற்றுப் புகுந்ததுபோல் நிறைந்தது. தொண்டையைச் செருமும் ஒலி ஒன்று கீழே இழுத்து நீட்டப்பட்டு, தவிலின் இடப்பக்கத் தோலைத் தேய்த்தாற்போல் முனகிக்கொண்டே இருந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு பக்கம் புரட்டப்பட்டது. மூக்குக்கண்ணாடிக் கூடு மூடியது. அந்தக் கூட்டை எனக்குத் தெரியும். அது என் கூடு. அந்தத் தொண்டை என் தொண்டை. அந்த மூச்சு என்னுடையது. போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் பாடம் சொன்னபோது அவள் என் பேச்சைச் சுத்தம் செய்கிறேன், சுத்தம் செய்கிறேன் என்றாளே, அப்படி வெட்டியெடுத்த குப்பையை எல்லாம் ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள்.

சொல் வரும் என்று காத்திருந்தேன். ஒரு பாட்டைச் சொல்லத் தொடங்குமுன் நான் ஒரு மூச்சு எடுப்பேன், நீளமான மூச்சு, அதற்குப் பிறகு தவறாமல் சொல் வரும். அந்த மூச்சு வந்தது. என் வாய் தானே திறந்தது. சொல் வரவில்லை; அங்கே வெட்டியிருந்தாள். மறுபடியும் அதே மூச்சு. மறுபடியும் வாய் திறந்தேன். மறுபடியும் வெட்டு. மூன்று நிமிடமும் இப்படியே. கடைசியில் எல்லா மூச்சும் ஒவ்வொன்றாக விலகி, ஒன்றே ஒன்று மிச்சமாக நின்று, அதுவும் அடங்கியது.

ரெனிட்டா தன் கண்ணின் கீழே விரலால் துடைத்துக்கொண்டாள். குளிர்சாதனத்தின் காற்று பட்டிருக்கும். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கோபத்தால்தான். வேறு எதனால் நடுங்கும்? இரண்டு பருவம் வியர்க்க வியர்க்கப் பாடம் சொன்னேன். இலக்கணம் சொன்னேன், செய்யுள் சொன்னேன், உரைநடை சொன்னேன். அதில் ஒரு சொல்லைக்கூட அவள் மதிக்கவில்லை. சொன்னதை எல்லாம் தூக்கியெறிந்துவிட்டு, எறிய வேண்டியதைக் கோத்து மாலை கட்டியிருக்கிறாள். வெங்காயத்திலாவது நான் பேசினேன் ஐயா. அதில் மரியாதை மிகுதியாக இருந்தது.

மூன்று நாள் அடுக்கி வைத்த மறுப்பு எதுவும் அந்த நேரத்தில் பயன்படவில்லை. எழுந்து நின்றேன். "இதில் என் குரல் எங்கே இருக்கிறது? நான் பேசிய ஒரு சொல்கூட இதில் இல்லை. இது என்னுடையது அன்று. இது முழுவதும் அவள் செய்தது. என்னுடையது அல்லாத ஒன்றுக்கு என்னிடம் எதற்குச் சம்மதம் கேட்கிறீர்கள்?" என்றேன்.

அந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த வயதானவர் மெல்லக் கேட்டார்: "அப்ப, எதிர்ப்பு ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்கலாமா சார்?"

"இல்லாத குரலுக்கு எதிர்ப்பு எப்படி இருக்கும்?" என்றேன். எவரும் மறுக்க முடியாத விடை. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நன்முல்லை தலை நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

வெளியே படிக்கட்டில் வந்து, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். மே எட்டுக்குப் பிறகு அவள் நேராகச் சொன்ன முதல் அன்பான சொல் அதுதான். அதுவும் தமிழ்ச்சொல் அன்று. நான் ஒன்றும் செய்யவில்லை, நடந்ததைச் சொன்னேன், முகத்தைத் துடை, ஆட்கள் பார்க்கிறார்கள் என்றேன். அதுதான் உண்மை. நான் சம்மதம் கொடுக்கவில்லை. இன்றுவரை கொடுக்கவில்லை. மறுக்கத்தான் போனேன். அவர்கள் கேள்வியைத் தவறாகக் கேட்டார்கள். நான் சரியாக விடை சொன்னேன். அதை அவர்கள் தங்களுக்கு ஏற்றாற்போல் எடுத்துக்கொண்டார்கள். இதில் என் பிழை எங்கே இருக்கிறது? வடிவிடம் இதைப் பலமுறை விளக்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும், ஆமாங்க, ஆமாங்க என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுகிறாள்.

ஊர் திரும்பி ஒரு வாரம் எனக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்தால் அடக்கிக்கொண்டேன். ஒரு மனிதனை அவன் மூச்சைக் கேட்கும்படி செய்துவிட்டால் பிறகு அவன் எப்படி நிம்மதியாக இருப்பான்?

அதன்பின் நடந்தவை இவைதான். கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜூலையில் நானே கூட்டிக்கொண்டுபோய் விடுதியில் சேர்த்தேன். மதுரைத் துறைத்தலைவரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். அவர் தம் மகனும் மீன் வளர்ப்பு படிக்கப் போய்விட்டதாகச் சொன்னார். இராசாமணி இன்னும் எங்கே பார்த்தாலும் எத்தனாவது பிரியட் என்று கேட்கிறார். நான் அவரோடு பேசுவதில்லை. நன்முல்லை முதலாண்டில் இரண்டு தாள்களில் தவறி, மறுபடியும் எழுதித் தேறினாள். இப்போது மூன்றாம் ஆண்டு. ஒரு பதிவுக்கூடத்தில் மாலை நேரங்களில் வேலை பார்க்கிறாள். ஊருக்குப் பொங்கலுக்கு மட்டும் வருகிறாள். நான் அவளுக்குத் தொலைபேசியில் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது? நாள்தோறும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவள் தாயைக் கூப்பிடுகிறாள். வடிவு சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறாள். நான் பக்கத்து அறையில் இருப்பேன். என்ன பேசுகிறார்கள் என்று சரியாகக் கேட்பதில்லை, அது எனக்குத் தேவையும் இல்லை. அந்த நேரத்தில் மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுவேன். மின்சாரத்தை எதற்கு வீணாக்க வேண்டும்?